அரசுப் பள்ளி ஆசிரியராக விரும்புவோர்க்கு

மேனிலைத் தேர்வின் முடிவுகள் வெளிவரும் காலத்தில் நம் குடும்பங்களில் எழும் முதற்கேள்வி, "இனி என்ன படிப்பது?" என்பதே. அக்கேள்விக்கு நம்மவர் பலர், சிறப்பாகப் பெண்மக்களைப் பெற்றோர், வழிவழியாகக் கூறிவரும் விடை ஒன்று உண்டு. "ஆசிரியர் பயிற்சி படிக்கட்டும், அரசுப் பள்ளியில் வேலை கிடைத்துவிட்டால் வாழ்க்கை நிலைபெற்றுவிடும்" என்பதே அவ்விடை. இதிற் குற்றமொன்றுமில்லை. ஆனால் இவ்வாறு கூறுவோர் பலரின் உள்ளத்தில் இருப்பது பழைய காலத்து வழி. பயிற்சியை முடித்து, வேலைவாய்ப்பு அலுவலகத்திற் பதிவு செய்து, பதிவைத் தவறாது புதுப்பித்துக்கொண்டு காத்திருந்தால், என்றேனும் ஒருநாள் மூப்பின்படி அழைப்பு வரும் என்ற காலம் அது. அக்காலம் 2012-ஆம் ஆண்டோடு முடிவுற்றது. இன்றைய வழி வேறு. அதன் படிகளும் வேறு. அவற்றை அறியாமல் பிள்ளைகளை அவ்வழியில் அனுப்புவோர் பொருளையும் இழந்து, மீட்க இயலாத ஆண்டுகளையும் இழக்கின்றனர். ஆகவே தமிழ்நாட்டில் அரசுப் பள்ளி ஆசிரியராவதற்குரிய வழியை ஒழுங்குபடக் கூறுவது பயனுடையது எனக் கருதுகிறோம்.

மூவகை ஆசிரியர்

ஆசிரியர் என்று நாம் ஒரு சொல்லாற் கூறினாலும், அரசின் ஏட்டில் அவர்கள் மூவகைப்படுவர். ஒன்று முதல் ஐந்து வகுப்புகள் வரை கற்பிப்போர் இடைநிலை ஆசிரியர். ஆறு முதல் பத்து வரை கற்பிப்போர் பட்டதாரி ஆசிரியர். பதினொன்று, பன்னிரண்டு ஆகிய மேனிலை வகுப்புகளுக்குக் கற்பிப்போர் முதுகலை ஆசிரியர். இம்மூன்றிற்கும் படிப்பு வேறு, தேர்வு வேறு, ஊதியம் வேறு. "நம் பிள்ளை எவ்வகை ஆசிரியராக விரும்புகிறான்? எவ்வயதுக் குழந்தைகளோடு இருக்க அவன் மனம் நாடுகிறது?" என்று முதலில் வினவித் தெளிந்த பின்னரே கல்லூரி வாயிலை மிதிக்க வேண்டும்.

இடைநிலை ஆசிரியராவதற்கு மேனிலைக் கல்விக்குப் பின் இரண்டாண்டுத் தொடக்கக் கல்விப் பட்டயப் படிப்புத் தேவை. இதில் சேர மேனிலைத் தேர்வில் பொதுவாக 50 விழுக்காடு மதிப்பெண் வேண்டும். பட்டியல் இனத்தவர்க்கும் பழங்குடியினர்க்கும் தளர்வு உண்டு. மாவட்ட ஆசிரியர் கல்வி மற்றும் பயிற்சி நிறுவனங்களில் அரசே இப்படிப்பைக் குறைந்த செலவில் நடத்துகிறது. 1986-ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கையின் பயனாகத் தோன்றிய இந்நிறுவனங்களை நம் மக்களுட் பலர் அறிந்திருப்பதில்லை. அருகிலேயே அரசு நிறுவனம் இருக்க, தனியார் பயிற்சிப் பள்ளிக்குக் கடன் வாங்கிக் கட்டணம் செலுத்துவோரும் உளர்.

பட்டதாரி ஆசிரியராவதற்கு இளங்கலை அல்லது இளம் அறிவியல் பட்டமும், அதன்மேல் பி.எட். என்னும் கல்வியியற் பட்டமும் வேண்டும். முன்னர் ஓராண்டாக இருந்த பி.எட். படிப்பு 2015-ஆம் ஆண்டு முதல் ஈராண்டுப் படிப்பாயிற்று. இரண்டாம் ஆண்டில் 16 வாரங்கள் பள்ளியிலேயே தங்கிக் கற்பிக்கும் பயிற்சியும் இதில் அடங்கும். தமிழகத்தின் கல்வியியற் கல்லூரிகள் பல, 2008-இல் நிறுவப்பெற்ற தமிழ்நாடு ஆசிரியர் கல்வியியல் பல்கலைக்கழகத்தோடு இணைந்தவை. 1856-இல் தொடங்கப்பெற்ற சென்னை சைதாப்பேட்டைக் கல்லூரி இத்துறையின் மூத்த நிறுவனம். பாளையங்கோட்டையில் 1950-இல் தோன்றிய தூய சவேரியார் கல்வியியற் கல்லூரியும், 1957-இல் மகளிர்க்கெனத் தோன்றிய தூய இஞ்ஞாசியார் கல்வியியற் கல்லூரியும் நம் வாசகர்க்குப் புதியன அல்ல.

முதுகலை ஆசிரியராவதற்கு முதுகலைப் பட்டமும் பி.எட். பட்டமும் தேவை. இப்பதவிக்குப் பின்னர்க் கூறப்போகும் தகுதித் தேர்வு இல்லை. நேரடிப் போட்டித் தேர்வே உண்டு.

சேர்வதற்கு முன் நோக்க வேண்டியவை

பட்டப்படிப்பைத் தேர்ந்தெடுக்கும்போதே பலர் தடம் மாறிவிடுகின்றனர். அரசுப் பள்ளிகளில் பட்டதாரி ஆசிரியர் பணியிடங்கள் தமிழ், ஆங்கிலம், கணிதம், இயற்பியல், வேதியியல், தாவரவியல், விலங்கியல், வரலாறு, புவியியல் ஆகிய பாடங்களுக்கே உள்ளன. வணிகவியலும் பொருளியலும் மேனிலை வகுப்புகளிற் கற்பிக்கப்படும் பாடங்கள். அவற்றைப் படித்தோர் முதுகலையும் முடித்தே முதுகலை ஆசிரியர் பதவிக்கு முயல வேண்டும். இதனை அறியாது பி.காம். முடித்து, உடனே பி.எட். படித்துவிட்டுத் திகைத்து நிற்கும் இளைஞர்களை நாம் கண்டிருக்கிறோம்.

இரண்டாவதாக, பட்டத்தின் பெயரை நோக்குக. தனியார் கல்லூரிகள் கவர்ச்சியான புதுப்பெயர்களில் பல பட்டங்களை வழங்குகின்றன. அப்பட்டம் உரிய பாடப் பட்டத்திற்கு இணையானது என அரசு ஆணை இருந்தாலன்றி, சான்றிதழ் சரிபார்ப்பின்போது அது ஏற்கப்படாது போகலாம். சேருமுன்னரே, "இதற்கு இணைத்தன்மை ஆணை உண்டா?" என்று கேட்டுத் தெளிய வேண்டும்.

மூன்றாவதாக, படிப்பின் வரிசை. பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்பு, பட்டம் என்ற முறை வரிசையிற் பெற்ற பட்டத்தையே அரசுப் பணி நியமனத்திற்கு ஏற்பர். மேனிலைக் கல்வி இல்லாது திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தில் நேரே பெற்ற பட்டம் அறிவுக்குப் பயன்படுமேயன்றி இப்பணிக்குப் பயன்படாது.

நான்காவதாக, பயிற்சி நிறுவனத்தின் ஏற்பு. தேசிய ஆசிரியர் கல்விக் குழுமத்தின் ஏற்பும், பல்கலைக்கழக இணைப்பும் உள்ள நிறுவனந்தானா என உறுதி செய்துகொள்வது இன்றியமையாதது. "வகுப்புக்கு வரவே வேண்டா, தேர்வு எழுதினாற் போதும்" என்று கூறும் நிறுவனத்திற்குத் தொலைவிலிருந்தே வணக்கம் கூறிவிடுக. வகுப்பறையையே காணாது பெற்ற பட்டத்தால் வகுப்பறையை ஆள இயலாது.

மற்றுமொன்று. பி.எட். பெற்றவர் தொடக்க வகுப்புகளுக்கும் கற்பிக்கலாம் என்றதோர் எண்ணம் சிலரிடை உண்டு. 2018-இல் தேசிய ஆசிரியர் கல்விக் குழுமம் அதற்கு இடமளித்தது மெய்யே. ஆனால் 2023 ஆகஸ்டு 11 அன்று உச்ச நீதிமன்றம் அவ்விடத்தை நீக்கிவிட்டது. சிறு குழந்தைகளுக்குக் கற்பித்தல் தனிக்கலை. அதற்குரிய பட்டயப் பயிற்சியே அதற்குத் தகுதி என்பது அத்தீர்ப்பின் சாரம்.

தகுதித் தேர்வு

குழந்தைகளின் இலவசக் கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம் 2009-இல் இயற்றப்பெற்று, 2010 ஏப்ரல் முதல் நாள் நடைமுறைக்கு வந்தது. ஆசிரியர்க்குரிய தகுதியை நாடு முழுமைக்கும் ஒரு சீராக வகுக்கும் பொறுப்பு அச்சட்டத்தின்கீழ் தேசிய ஆசிரியர் கல்விக் குழுமத்திடம் ஒப்படைக்கப்பட்டது. அக்குழுமம் 2010 ஆகஸ்டு 23 அன்று வெளியிட்ட அறிவிக்கையின்படி, ஒன்று முதல் எட்டு வகுப்புகள் வரை கற்பிக்க வருவோர் ஆசிரியர் தகுதித் தேர்வில் தேர்ச்சி பெறுதல் கட்டாயமாயிற்று. பட்டயமோ பட்டமோ கையிலிருந்தாலும் இத்தேர்ச்சியின்றி அரசுப் பள்ளியின் அவ்வகுப்புகளிற் புதிதாகக் கால்வைக்க இயலாது. வழக்கறிஞர்க்குப் பதிவு எவ்வாறோ அவ்வாறே ஆசிரியர்க்கு இச்சான்று எனலாம்.

தமிழகத்தில் இதனை நடத்துவது 1987-இல் அமைக்கப்பெற்ற ஆசிரியர் தேர்வு வாரியம். தேர்வில் இரு தாள்கள் உண்டு. முதல் தாள் ஐந்தாம் வகுப்பு வரை கற்பிப்போர்க்கு. இரண்டாம் தாள் ஆறு முதல் எட்டு வகுப்புகளுக்குக் கற்பிப்போர்க்கு. ஒவ்வொரு தாளிலும் 150 கேள்விகள், 150 மதிப்பெண்கள். முதல் தாளில் குழந்தை வளர்ச்சியும் கற்பித்தல் முறையும், மொழிப்பாடம், ஆங்கிலம், கணிதம், சூழ்நிலையியல் என ஐந்து பகுதிகளுக்கும் பகுதிக்கு 30 மதிப்பெண். இரண்டாம் தாளில் முதல் மூன்று பகுதிகள் அவ்வாறே. எஞ்சிய 60 மதிப்பெண் கணிதமும் அறிவியலும் பற்றியதாகவோ, சமூக அறிவியல் பற்றியதாகவோ இருக்கும். தவறான விடைக்கு மதிப்பெண் குறைக்கப்படுவதில்லை. பொதுப் பிரிவினர் தேர்ச்சி பெற 60 விழுக்காடு, அதாவது 90 மதிப்பெண் பெறவேண்டும். இட ஒதுக்கீட்டுப் பிரிவினர்க்குரிய தளர்வு காலத்துக்குக் காலம் மாறி வந்துள்ளமையால், அவ்வவ்வாண்டு அறிவிக்கையைப் பார்த்தே அறிந்துகொள்ள வேண்டும்.

தேர்வின் கடுமையை நம் மக்கள் மறந்திருக்கமாட்டார்கள். 2012 ஜூலை 12 அன்று நடந்த முதல் தேர்வை ஆறரை லட்சத்திற்கும் மேற்பட்டோர் எழுதினர். தேர்ச்சி பெற்றோர் 2,448 பேர் மட்டுமே. நூற்றுக்கு ஒருவர்கூட இல்லை. ஒன்றரை மணி நேரத்தில் 150 கேள்விகளுக்கு விடையளிக்க வேண்டியிருந்தது அதற்கு ஒரு காரணமாகக் கூறப்பட்டது. அவ்வாண்டு அக்டோபரில் மூன்று மணி நேரமாக்கித் துணைத் தேர்வு நடத்தியபோது ஏறத்தாழ 19 ஆயிரம் பேர் தேறினர். நேரம் இரட்டித்த பின்னரும் பெரும்பாலோர் தேறவில்லை என்பதை மறைப்பதற்கில்லை. பள்ளிப் பாடநூல்களை ஆழ்ந்து பயிலாமல், பயிற்சிக் காலத்துக் குறிப்புகளை மட்டும் நம்பியோர் அடைந்த ஏமாற்றம் அது. ஆறு முதல் பத்து வரையுள்ள அரசுப் பாடநூல்களை வரிவிடாது படிப்பதே இத்தேர்வுக்குரிய முதல் ஆயத்தம்.

இன்னுமொரு செய்தியையும் மனத்திற் கொள்க. இத்தேர்வு ஆண்டுதோறும் தவறாது நடந்துவருவதன்று. 2013-க்குப் பின் 2017, அதன்பின் 2019, பின்னர் 2022, அடுத்து 2025 நவம்பர் என இடைவெளி விட்டே வந்துள்ளது. "அறிவிப்பு வரட்டும், அதன்பின் படிக்கலாம்" என்றிருப்போர் ஒரு வாய்ப்பைத் தவறவிட்டால் மூன்றாண்டுகள் காத்திருக்க நேரலாம். ஆறுதலான செய்தி ஒன்றுண்டு: முன்னர் ஏழாண்டுகளே செல்லுபடியான தகுதிச் சான்று, 2021-இல் மத்திய அரசு எடுத்த முடிவின்படி வாழ்நாள் முழுதும் செல்லுபடியாகும்.

சான்று வேறு, பணி வேறு

தகுதித் தேர்வில் தேறிவிட்டால் வேலை கிடைத்துவிட்டது என எண்ணி, உறவினர்க்கு இனிப்பு வழங்கியோர் பலர். அவ்வாறன்று. அச்சான்று, போட்டியிற் கலந்துகொள்ளத் தகுதியுடையவர் என்று மட்டுமே கூறும்.

முதலில் தகுதித் தேர்வின் மதிப்பெண்ணோடு மேனிலை, பட்டயம், பட்டம் ஆகியவற்றின் மதிப்பெண்களையும் கூட்டிக் கணக்கிட்டுப் பணி வழங்கினர். 2018 ஜூலையில் அரசு அம்முறையைக் கைவிட்டு, தகுதி பெற்றோர்க்குத் தனியே ஒரு போட்டித் தேர்வு நடத்தப்படும் என ஆணையிட்டது. 2013-இல் தேறிப் பணிக்காகக் காத்திருந்தோர், "ஒரு பணிக்கு இரு தேர்வா?" எனக் குமுறிப் போராடினர். அவர்களது வேதனை நியாயமானதே. தேறிய காலத்தில் இளைஞராயிருந்தோர் பலர் காத்திருந்தே நாற்பதைக் கடந்தனர். விதி ஆட்டத்தின் நடுவில் மாறும்போது நொந்து நிற்பவர் எளிய குடும்பத்தவரே.

போட்டித் தேர்வுக்கும் கட்டாயத் தமிழ்மொழித் தகுதித் தாள் ஒன்று உண்டு. 30 கேள்விகள், 50 மதிப்பெண். அதில் 40 விழுக்காடு, அதாவது 20 மதிப்பெண் பெறாதார்க்கு முதன்மைத் தாள் திருத்தப்படமாட்டாது. ஆங்கில வழியிற் பயின்று தமிழ் எழுத்தையே மறந்துவிட்ட பிள்ளைகளைப் பெற்றோர் இதனைச் சிந்திக்க. தமிழ்வழியிற் படித்தோர்க்கு 20 விழுக்காடு முன்னுரிமை 2010-ஆம் ஆண்டுச் சட்டத்தால் உண்டு. பெண்களுக்கு 30 விழுக்காடு ஒதுக்கீடும் உண்டு.

எத்தனை இடங்கள்? 2023 அக்டோபரில் பட்டதாரி ஆசிரியர்க்கு 2,222 இடங்களும், 2024 பிப்ரவரியில் இடைநிலை ஆசிரியர்க்கு 1,768 இடங்களும் அறிவிக்கப்பட்டன. பிந்தையது பின்னர் உயர்த்தப்பட்டது. விண்ணப்பித்தோரின் தொகையோடு ஒப்பிட்டால் இவ்விடங்கள் சிலவே. போட்டித் தேர்வில் வென்றோர் சான்றிதழ் சரிபார்ப்புக்கும், அதன்பின் இடம் தேர்ந்தெடுக்கும் கலந்தாய்வுக்கும் அழைக்கப்பெற்று, முடிவில் பணி ஆணை பெறுவர்.

சான்றிதழ்களில் விழிப்பு

தேர்வில் வென்றும் சரிபார்ப்பில் தோற்பது வருந்தத்தக்கது. பெயரின் எழுத்தும் முதலெழுத்தும் எல்லாச் சான்றுகளிலும் ஒன்றாயிருத்தல் வேண்டும். ஞானஸ்நானப் பெயர் ஓரிடத்தும் வீட்டுப் பெயர் மற்றோரிடத்தும் இருப்பது நம் குடும்பங்களில் மிகுதி. அதனைப் பள்ளிப் பருவத்திலேயே திருத்திக்கொள்க. தமிழ்வழிச் சான்றினைப் படித்த ஒவ்வொரு நிறுவனத்திலும் தனித்தனியே பெற்று வைத்துக்கொள்க.

சாதிச் சான்று பற்றி நம் மக்களுக்குத் தனியே ஒரு சொல். பட்டியல் இனத்திலிருந்து கிறித்தவம் தழுவியோரைத் தமிழக அரசு பிற்படுத்தப்பட்டோர் பட்டியலிலேயே வைத்துள்ளது. 1950-ஆம் ஆண்டின் குடியரசுத் தலைவர் ஆணை கிறித்தவரைப் பட்டியல் இனத்தில் ஏற்காமையே இதற்குக் காரணம். இது அநீதி என்பது திருச்சபையின் நெடுநாளைய குரல். எனினும் அநீதி நீங்கும்வரை உள்ளதை உள்ளவாறே சான்றிற் காட்டுதல் வேண்டும். பின்னர் வெளிப்படும் பொய்ச் சான்று, பெற்ற வேலையையும் பறித்து, வழக்கிலும் ஆழ்த்தும்.

பணியிலிருப்போர்க்கும் ஒரு செய்தி

2025 செப்டம்பர் முதல் நாள் உச்ச நீதிமன்றம் வழங்கிய தீர்ப்பு, வகுப்பறையில் நெடுங்காலம் பணியாற்றிவரும் ஆசிரியர் பலரின் உறக்கத்தைக் கெடுத்தது. ஓய்வுக்கு ஐந்தாண்டுகளுக்கு மேல் உள்ள ஆசிரியர்கள், 2010-க்கு முன் நியமனம் பெற்றோராயினும், இரண்டாண்டுகளுக்குள் தகுதித் தேர்வில் தேறவேண்டும் என்றும், ஐந்தாண்டுகளுக்குக் குறைவாக உள்ளோர் தேர்வின்றிப் பணியில் தொடரலாம், ஆனால் பதவி உயர்வு பெற இயலாது என்றும் அத்தீர்ப்புக் கூறிற்று. சிறுபான்மையினர் பள்ளிகளுக்கு இச்சட்டம் பொருந்துமா என்ற கேள்வியை நீதிமன்றம் பெரிய அமர்வின் ஆய்வுக்கு அனுப்பியது. சிறுபான்மையினர் பள்ளிகளுக்குக் கல்வி உரிமைச் சட்டம் பொருந்தாது என 2014-இல் வந்த தீர்ப்பே மீண்டும் ஆராயப்பட வேண்டுமென்பது அதன் கருத்து.

நம் பள்ளிகளில் பணிபுரியும் இளம் ஆசிரியர்க்கு நாம் கூறுவது இதுவே: விலக்கை நம்பியிராதீர்கள். சட்டம் எவ்வழி சென்றாலும், தகுதிச் சான்று கையிலிருப்பவர்க்கு அச்சமில்லை. நடுவயதில் மீண்டும் பாடநூலைத் திறப்பது அவமானமன்று. தாய் தன் பிள்ளைகளோடு ஒரே விளக்கின்கீழ் அமர்ந்து படிக்கும் வீட்டில், அப்பிள்ளைகளுக்குப் படிப்பைப் பற்றி வேறு அறிவுரை தேவைப்படாது.

பெற்றோர்க்கு

பணியின் ஊதியத்தையும் உள்ளவாறே அறிந்துகொள்க. இடைநிலை ஆசிரியரின் அடிப்படை ஊதியம் 20,600 ரூபாயிலும், பட்டதாரி ஆசிரியருடையது 36,400 ரூபாயிலும் தொடங்குமாறு 2017-ஆம் ஆண்டின் ஊதியத் திருத்தம் வகுத்தது. அகவிலைப்படி முதலியன தனி. 2009 ஜூனுக்குப் பின் பணியேற்ற இடைநிலை ஆசிரியர்கள், முன்னவரோடு சம ஊதியம் கோரிப் பல்லாண்டு போராடியமையையும் இங்குக் குறிப்பிட வேண்டும். ஆயினும் தனியார் பள்ளிகள் பலவற்றில் வழங்கும் ஊதியத்தை நோக்க, அரசுப் பணி உறுதியான வாழ்வு தருவதே. இதனாற்றான் இப்பணியைச் சுற்றித் தரகரும் பெருகியுள்ளனர்.

"சில லட்சம் கொடுத்தால் ஆணை வாங்கித் தருகிறேன்" என்று வருபவன் யாராயினும், அவன் எத்துணைப் பெரியவரின் பெயரைக் கூறினாலும், வாயிலோடு திருப்பி அனுப்புக. எழுத்துத் தேர்வின் மதிப்பெண்ணாலும் ஒதுக்கீட்டாலும் அமையும் பட்டியலில் அவனால் ஒரு பெயரையும் நுழைக்க இயலாது. மகளின் திருமணத்திற்கென வைத்திருந்த நகையை அடகு வைத்து இத்தகையோரிடம் கொடுத்து, வேலையும் இன்றி நகையும் இன்றி, வெட்கத்தால் வழக்கும் தொடராது வாய்மூடி வாழும் குடும்பங்கள் உள்ளன. கையூட்டுக் கொடுத்து ஆசிரியரானவர் எந்த வாயால் குழந்தைகளுக்கு நேர்மையைக் கற்பிப்பார்?

காத்திருக்கும் ஆண்டுகளை வீணாக்குதலும் கூடாது. மகனோ மகளோ ஒரு தனியார் பள்ளியிற் கற்பித்துக்கொண்டோ, மாலை வேளையில் ஊர்க் குழந்தைகளுக்குப் பாடம் சொல்லிக்கொண்டோ இருப்பாராயின், கற்பித்தலும் மறவாது. தேர்வுக்குரிய பாடமும் நினைவில் நிற்கும். வீட்டில் நாள்தோறும், "இன்னும் வேலை வரவில்லையே" என்று குத்திக் காட்டுவதைப் பெற்றோர் விடுக. தேர்வின் சுமை ஒன்று போதும். உறவினரின் ஏளனம் அதன்மேல் வேண்டா. இத்தனை முறை எழுதலாம், இவ்வயது வரை முயலலாம், அதன்பின் வேறு தொழிலையும் நாடலாம் எனக் குடும்பமாக அமர்ந்து முன்னரே பேசி முடிவு செய்வது நன்று. ஆசிரியராகாமை வாழ்வில் தோல்வியாகிவிடாது.

இறுதியாக, இளைஞர்களே, உங்கட்கு ஒரு கேள்வி. நீங்கள் நாடுவது வேலையையா, குழந்தைகளையா? அரசுப் பள்ளியின் தரையில் அமர்ந்திருப்பது பெரும்பாலும் ஏழையின் பிள்ளை. அவனுக்குத் தனிப்பயிற்சி வைக்க வீட்டில் வசதியில்லை. பாடம் சொல்லிக் கொடுக்கப் படித்த பெற்றோரும் இல்லை. நீங்கள் கற்பிக்கும் ஒரு மணி நேரமே அவனுக்குக் கிடைக்கும் முழுக் கல்வி. அந்த ஒரு மணி நேரத்தை அவனுக்கு முழுமையாகக் கொடுக்க உள்ளத்தில் விருப்பமிருப்பின், இத்தேர்வுகளின் கடுமைக்கு அஞ்சாது படியுங்கள். அரசுப் பாடநூல்களை இன்றே வாங்கி, ஆறாம் வகுப்புப் புத்தகத்திலிருந்து தொடங்குங்கள். அறிவிப்பு எந்நாள் வந்தாலும் ஆயத்தமாயிருங்கள்.